குள்ள போல்கோவும் அவருடைய குட்டி நாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய போலந்தின் தென்மேற்கு மூலையில், செக் எல்லை மலைகளின் அடிவாரத்தில், 14ஆம் நூற்றாண்டில் ஷ்விட்னிட்சா என்றொரு சிற்றரசு இருந்தது. 1326 முதல் 1368 வரை அதை ஆண்டவர் இரண்டாம் போல்கோ. சுற்றியிருந்த பங்காளிகள் ஒவ்வொருவராகப் பக்கத்து பொஹீமிய (இன்றைய செக் நாட்டு) மன்னரிடம் மண்டியிட்டபோது, இவர் மட்டும் சாகும்வரை எவருக்கும் கப்பம் கட்டவில்லை. இத்தனைக்கும் இவரிடம் பெரிய படை கிடையாது. இருந்ததெல்லாம் கல்யாணங்களால் வந்த சொந்தபந்தம். அதே கல்யாண வழியில்தான் நாடும் கைவிட்டுப் போனது. இதைப் படிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

போலந்துக்குத்தான் மன்னர் இருந்தாரே, நடுவில் இந்தச் சிற்றரசர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

எல்லாம் ஒரு பாகப்பிரிவினையின் விளைவு. போலந்தை ஆண்ட பியாஸ்ட் வம்சத்து மூன்றாம் போலெஸ்வாஃப் 1138இல் இறக்கும்போது நாட்டை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மூத்தவருக்குக் கிராகூஃப் நகரமும் மற்றவர்கள்மீது மேலாதிக்கமும். தம்பிகள் அண்ணனுக்கு அடங்கி நடப்பார்கள் என்று அந்தத் தகப்பன் நினைத்தார். எந்த ஊரில் நடந்திருக்கிறது! அந்த மூத்த மகனையே சில ஆண்டுகளில் தம்பிகள் விரட்டிவிட்டார்கள். அவருடைய வாரிசுகளுக்குப் பிற்பாடு கிடைத்தது, ஷ்விட்னிட்சாவும் அடங்கிய தென்மேற்குப் பகுதியான சிலேசியா. அதுவும் அடுத்தடுத்த தலைமுறைகளில் துண்டு துண்டானது.

ஷ்விட்னிட்சாவின் கதை தொடங்குவது நம்மவரின் தாத்தா முதலாம் போல்கோவிடம். அவரை ‘கண்டிப்பானவர்’ என்று அழைத்தார்கள். அவருக்குச் சொந்தமாக இருந்தது யாவோர் பக்கம் கொஞ்சம் நிலம். லெக்னிட்சாவில் ஆண்ட அண்ணன் எதிரிகளிடம் மாட்டித் தவித்தபோது உதவிக்குப் போய், 1291 வாக்கில் ஷ்விட்னிட்சா உட்படப் பல ஊர்களைக் கூலியாக வாங்கிக்கொண்டார். அண்ணன் தம்பி என்றாலும் கணக்கு கணக்குதான். 1301இல் அவர் இறந்ததும் நாடு மறுபடி மூன்று மகன்களுக்குப் பிரிந்தது. ஷ்விட்னிட்சா பங்கு மூத்தவர் பெர்னார்டுக்கு. அவர் மகன்தான் நம் போல்கோ.

உண்மையிலேயே அவ்வளவு குள்ளமா?

போலிஷ் மொழியில் அவர் பட்டப்பெயருக்கு ‘சிறியவர்’ என்று பொருள். உயரம் குறைவு என்பதால் வந்த பெயர் என்பதே வழக்கமான விளக்கம். அதே காலத்தில் ஜியெம்பித்செயில் ஆண்ட சித்தப்பாவின் பெயரும் இரண்டாம் போல்கோதான். இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல இப்படி ஒரு அடைமொழி வசதியாகவும் இருந்தது.

குடும்பத்தில் இது புதிதும் அல்ல. இவருடைய அம்மாவின் அப்பா, சிதறிக் கிடந்த போலந்தை ஒட்டவைத்து 1320இல் முடிசூடிய மன்னர் வ்வாதிஸ்வாஃப். அவருக்கு வரலாறு கொடுத்த பெயர் வோக்கியெடெக், அதாவது ‘முழங்கையளவு ஆள்’. தாத்தா முழம், பேரன் குள்ளம். ஆனால் இரண்டு பேரையும் லேசாக எடைபோட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

சொந்தபந்தம் என்கிறீர்களே, யார் யார்?

இந்தக் குடும்ப மரத்தை ஆங்கிலத்தில் படித்தால் தலை சுற்றும். எல்லோரும் ‘அங்கிள்’, எல்லோரும் ‘கசின்’. தமிழில் சொன்னால் சட்டென்று புரிந்துவிடும்.

போல்கோவின் அம்மா குனெகுண்டா, போலந்து மன்னர் வோக்கியெடெக்கின் மகள். ஆகவே 1333இல் போலந்து அரியணை ஏறிய மகா காசிமிர் இவருக்குத் தாய்மாமன். அம்மாவின் தங்கை எலிசபெத், ஹங்கேரி மன்னர் சார்லஸ் ராபர்ட்டின் மனைவி. ஹங்கேரி அரசி இவருக்குச் சித்தி, பின்னாளில் அங்கே மன்னரான லூயி சித்தி மகன். அப்பாவின் அக்கா பெயாட்ரிஸ், ஜெர்மானிய மன்னர் பவேரியா லுட்விக்கின் முதல் மனைவி. ஆக, அத்தை வழியில் ஜெர்மனியிலும் ஆள் உண்டு. 1338இல் இவர் மணந்த ஆக்னெஸ், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்து லியோபோல்டின் மகள். போதாக்குறைக்குத் தம்பி ஹென்ரிக் கட்டியது ஹங்கேரி மன்னரின் மகள் கேத்தரினை.

ஒரு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். பொஹீமியாவுக்கு வடகிழக்கே, தென்கிழக்கே, தெற்கே, மேற்கே என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தச் சின்ன ஆளுக்கு ஒரு உறவு இருந்தது. பொஹீமியா இவரைத் தொடுவதற்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தது அதனால்தான்.

பொஹீமியாவுக்கு இந்த மலையடிவாரத்தின் மீது அப்படி என்ன கண்?

பிராகிலிருந்து சிலேசியாவின் பெரிய நகரமான வ்ரோத்ஸ்வாஃப் போகும் மலைப்பாதைகள் இங்கேதான் இறங்குகின்றன. பொஹீமிய மன்னரான லக்சம்பர்க் ஜான் 1327இலும் 1329இலும் சிலேசியச் சிற்றரசர்களில் பெரும்பாலானோரைத் தன் கீழ் கொண்டுவந்துவிட்டார். சிலர் பயந்து பணிந்தார்கள், சிலர் காசு வாங்கிக்கொண்டு பணிந்தார்கள். ஜியெம்பித்செ சித்தப்பா கொஞ்சம் முறுக்கிப் பார்த்தார். 1335இல் தன் கோட்டையை முற்றுகையிட்ட படையிலிருந்து பல வீரர்களைச் சிறைபிடித்துக்கூடக் காட்டினார். அடுத்த ஆண்டே அவரும் விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டார்.

இன்னொரு பக்கம் தாய்மாமன் காசிமிர், 1335இல் டிரென்சின் உடன்பாட்டில் சிலேசியா மீதான உரிமையை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். அவருக்கு அவருடைய பாடு. பொஹீமிய மன்னர் போலந்து அரியணைக்கே உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார், அதை விலக்க இது விலை. ஆக, போல்கோ தனிமரம்.

போர் எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. 1345இல் காசிமிருக்கும் பொஹீமியாவுக்கும் மூண்ட சண்டையில் மருமகன் மாமன் பக்கம் நின்றார். பொஹீமியப் படை நேராக ஷ்விட்னிட்சா மதிலுக்கு வந்துவிட்டது. மன்னர் ஜானுக்கு அப்போது இரண்டு கண்ணும் தெரியாது, ஆனாலும் போருக்கு வருவதை விடவில்லை. ஊர் விழவில்லை. கடுப்பில் சுற்றுப்புறத்தை எரித்துவிட்டு, மலைப்பாதையில் இருந்த கமியென்னா கூரா என்ற ஊரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதை போல்கோ திரும்ப எடுத்த விதத்தைத்தான் இன்றும் அந்தப் பக்கம் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1348இல் ஒருநாள் வணிகர்களின் பாரவண்டிகள் ஊர்வாசலுக்கு வந்தன. காவலர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். சரக்குக்கு அடியில் படுத்திருந்தது போல்கோவின் ஆட்கள். வாசல் போனால் ஊர் போனது. அலங்காரத்துக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஊர் அவர் கைக்குத் திரும்பியது உண்மை.

அதற்குள் கண்தெரியாத ஜான் 1346இல் பிரான்சின் கிரெசி போர்க்களத்தில் மாண்டிருந்தார். அவர் மகன் நான்காம் சார்லஸ் வேறு மாதிரி ஆள். காசிமிரோடு 1348 நவம்பரில் சமாதானம், போல்கோவோடு 1350இல் சமாதானம். வாளால் முடியாததைத் தாலியால் முடிக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

அன்னா என்பவர் யார்? எல்லாப் புத்தகத்திலும் போல்கோவை விட அவர் பெயர்தானே பெரிதாக இருக்கிறது?

போல்கோவின் தம்பி மகள். 1339இல் பிறந்தவர், ஹென்ரிக்குக்கு ஒரே குழந்தை. கைக்குழந்தையைத் தாண்டிய வயதில் அப்பா இறந்துபோனார். தாய்வீட்டு வழியில் ஹங்கேரி அரண்மனையில் வளர்ந்தார். போல்கோவுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே பெரியப்பாவின் நாடு முழுவதும் இந்தப் பெண்ணுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். யாவோரில் ஆண்ட போல்கோவின் சித்தப்பாவும் 1346இல் பிள்ளையில்லாமல் இறந்திருந்தார், அந்தப் பங்கும் போல்கோவிடம் சேர்ந்திருந்தது. ஆக, சீதனம் இரட்டிப்பு.

சார்லஸ் முதலில் கேட்டது தன் மகனுக்கு. அந்த மாப்பிள்ளைக்கு வயது 11 மாதம், பெண்ணுக்கு 11 வயது! நிச்சயமும் ஆனது. 1351 கடைசியில் குழந்தை இறந்துவிட்டது. 1353 பிப்ரவரியில் சார்லஸின் மனைவியும் இறந்தார். நாலு மாதம்கூட ஆகவில்லை, மே 27 அன்று ஹங்கேரியின் பூடா நகரில் சார்லஸே அன்னாவைக் கட்டிக்கொண்டார். மருமகளாக வரவேண்டியவர் மனைவியாக வந்தார். அவருக்கு 37, அன்னாவுக்கு 14.

இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. எனக்கென்னவோ அந்தப் பெண்ணை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிடைத்த மகுடங்களுக்குக் குறைவில்லை. அதே ஆண்டு ஜூலை 28 அன்று பிராகில் பொஹீமிய அரசி, 1354 பிப்ரவரியில் ஆஹெனில் ஜெர்மானிய அரசி, 1355 ஏப்ரல் 5 அன்று ரோமில் புனித ரோமானியப் பேரரசி. குட்டி நாட்டுப் பெண் 16 வயதுக்குள் ஐரோப்பாவின் உச்சியில்.

1358இல் ஒரு மகள். 1361 பிப்ரவரியில் நியூரன்பெர்கில் சார்லஸ் ஏங்கிக் காத்திருந்த ஆண் வாரிசு வென்செஸ்லாஸ் பிறந்தான். குழந்தையின் எடைக்கு எடை தங்கத்தை சார்லஸ் ஆஹென் தேவாலயத்துக்கு அனுப்பினார். நம் ஊர்க் கோயிலில் துலாபாரம் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அப்பாவின் மனசு விளங்கும். அடுத்த ஆண்டு ஜூலையில் இன்னொரு பிரசவத்தில் அன்னா இறந்துபோனார். வயது 23. பிராக் கோட்டையிலுள்ள புனித வைட்டஸ் பேராலயத்தின் உட்சுவரில், மேலே, அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. கீழே நடந்துபோகும் கூட்டம் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

கல்யாண ஒப்பந்தத்தில் போல்கோவுக்கு என்ன கிடைத்தது?

நேரம் கிடைத்தது. தான் இருக்கும்வரை நாடு தன்னுடையது, தனக்குப் பிறகு மனைவி ஆக்னெஸ் சாகும்வரை அவருடையது, அதற்கப்புறம்தான் அன்னாவின் வாரிசுகளுக்கு. பணியவேண்டும், பிரமாணம் செய்யவேண்டும் என்ற பேச்சே இல்லை. மற்ற சிலேசியப் பியாஸ்ட்கள் பெற்றதோடு ஒப்பிட்டால் இது ராஜ பேரம்.

மேலும், மருமகன் முறையாகிவிட்ட சார்லஸோடு அவர் நன்றாகவே ஒத்துப்போனார். பக்கத்தில் துண்டு நிலம் விலைக்கு வந்தால் விடமாட்டார். பிஷெக்கில் பாதி, குவோகூஃபில் பாதி, 1359இல் ஷெவியெஷ், 1364இல் கீழ் லுசாஷியா என்று சேர்த்துக்கொண்டே போனார். கடைசிக் காலத்தில் சிலேசியாவிலேயே பெரிய பரப்பை ஆண்டவர் இந்தச் ‘சிறியவர்’தான். பேரரசர் சார்லஸும் பல மன்னர்களும் 1364இல் கிராகூஃபில் கூடியபோது அந்த விருந்திலும் இவருக்கு இடம் இருந்தது. அந்தப் பந்தியில் பாதிப்பேர் இவருக்கு ஏதாவது ஒரு முறையில் சொந்தம்.

விதூஷகன் கல்லெறிந்து இளவரசனைக் கொன்றான் என்கிறார்களே?

போல்கூஃப் கோட்டையில் சொல்லப்படும் கதை அது. போல்கோவுக்கு ஒரே மகன் இருந்தானாம். அரண்மனைக் கோமாளியோடு விளையாடிக்கொண்டிருந்தபோது அவன் எறிந்த கல் தவறிப் பிள்ளையின் தலையில் பட, வம்சமே அற்றுப்போனதாம். கேட்க நெஞ்சை அடைக்கும். ஆனால் அப்படி ஒரு மகன் இருந்ததற்குச் சமகால ஆவணம் இல்லை. இவ்வளவு பெரிய சொத்து ஏன் பிற வம்சத்துக்குப் போனது என்று பிற்கால மக்கள் காரணம் தேடியிருக்கிறார்கள், பழி ஒரு கோமாளியின் தலையில் விழுந்துவிட்டது.

நாட்டின் பிழைப்பு எதில் நடந்தது?

வணிகத்தில், பீரில், கொஞ்சம் சுரங்கத்தில். ஜெர்மானிய நகரச் சட்டப்படி நிறுவிய மதில்சூழ்ந்த ஊர்கள் வரிசையாக இருந்தன: ஷ்விட்னிட்சா, யாவோர், ஸ்ட்ஷெகோம், ல்வூவெக், யெலெனியா கூரா. அவற்றுக்கிடையே நாள் நடையில் போய்விடும் தூரம்தான். ஷ்விட்னிட்சா பீருக்கு வெளியூரில் நல்ல பெயர். வ்ரோத்ஸ்வாஃப் நகரமன்றக் கட்டடத்துக்கு அடியில் உள்ள பழைய மதுக்கூடத்துக்கு இன்றைக்கும் ‘ஷ்விட்னிட்சா நிலவறை’ என்றுதான் பெயர்.

ஷ்விட்னிட்சாவின் பெரிய கோயில் இவர் காலத்தில் 1330 வாக்கில் தொடங்கியது. கோபுரம் 100 மீட்டருக்கு மேல், ஆனால் அது முழு உயரம் எட்டியது 16ஆம் நூற்றாண்டில். அந்தக் கோயில் இரண்டு புனிதர்களுக்கு உரியது, ஸ்டானிஸ்லாஸ், வென்செஸ்லாஸ். முதல்வர் போலந்துக்குக் காவல், இரண்டாமவர் பொஹீமியாவுக்கு. இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்த ஊருக்குப் பொருத்தமான ஏற்பாடு.

இத்தனை சின்ன நாட்டுக்கு எதற்கு இத்தனை கோட்டை?

எல்லை நெடுக மலை, ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு காவல் தேவை. தாத்தா முதலாம் போல்கோ கட்டியவையே பல. அவற்றில் பெரியது க்ஷியோன்ஷ். பெயரே ‘அரசனுடையது’ என்று பொருள்படும் பழைய சொல். இன்று நிற்கும் மாளிகையில் பிற்காலக் கட்டுமானம்தான் அதிகம். யெலெனியா கூராவுக்குப் பக்கத்துப் பாறைமேல் நிற்கும் ஹோய்னிக் நம் போல்கோ கட்டியது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட ஷெட்லென்ட்சின் கிராமத்துக் கோபுரத்தைத்தான் சொல்வேன். யாவோர் சித்தப்பா ஹென்ரிக் 1310களில் பூப்ர் ஆற்றோரம் கட்டிய குடியிருப்புக் கோபுரம் அது. மேல்தளக் கூடத்தின் சுண்ணாம்புச் சுவரில் ஆர்தர் கதையின் வீரன் லான்செலாட் வரையப்பட்டிருக்கிறான். ஓரிடத்தில் மரத்தடியில் படுத்துத் தூங்குகிறான், பக்கத்தில் அவன் தோழன். வேறோரிடத்தில் அரசி கினிவீயர். எல்லோரையும் விடப் பெரிய உருவம் புனித கிறிஸ்டோபர். ஒரு பகுதி கோட்டுருவமாகவே நின்றுவிட்டது, வண்ணம் ஏறவில்லை. வரைந்த இடத்திலேயே தப்பிப் பிழைத்த லான்செலாட் சுவரோவியம் உலகில் இது ஒன்றுதான் என்கிறார்கள். தலைக்கு மேலே அதே 14ஆம் நூற்றாண்டு மர உத்தரங்கள், எழுநூறு ஆண்டாகத் தளத்தைத் தாங்கிக்கொண்டு.

போல்கோ போலந்துக்காரரா, ஜெர்மானியரா?

இந்தக் கேள்வி 19ஆம் நூற்றாண்டுக்குச் சொந்தமானது, அவருக்கு அல்ல. ரத்தம் போலந்து அரச வம்சம், நகரத்துக் குடிமக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள், ஆவணங்கள் லத்தீனிலும் ஜெர்மனிலும். ஆண்டது சிலேசியா. அவரைக் கேட்டிருந்தால் “நான் பியாஸ்ட்” என்றிருப்பார் என்பது என் ஊகம்.

அவர் இறந்ததும் என்ன ஆனது?

1368 ஜூலை 28 அன்று இறந்தார். அன்னா பிராகில் முடிசூடிய அதே தேதி, சரியாகப் 15 ஆண்டு கழித்து. ஒப்பந்தப்படி ஆக்னெஸ் ஆட்சிக்கு வந்தார். கிழவி சீக்கிரம் போய்விடுவார் என்று பிராகில் யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். இன்னும் 24 ஆண்டு இருந்து ஆண்டார்! சார்லஸே 1378இல் போய்ச் சேர்ந்துவிட்டார். 1392 பிப்ரவரியில் ஆக்னெஸ் இறந்த பிறகுதான் அன்னாவின் மகன் வென்செஸ்லாஸ் கைக்கு நாடு வந்தது.

அதன்பின் தனி அரசர் கிடையாது, பொஹீமிய மன்னரின் நேரடிச் சொத்து, அவர் அனுப்பும் அதிகாரி ஆட்சி. பொஹீமியாவோடு சேர்ந்து 1526இல் ஹாப்ஸ்பர்க் கைக்குப் போய், 1740களில் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்குப் போய், 1945க்குப் பிறகு போலந்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த ‘நேரடிச் சொத்து’ என்ற அந்தஸ்துக்கு ஒரு வினோதமான விளைவு உண்டு. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் மோதிய முப்பதாண்டுப் போர் முடிந்த 1648இல், இப்படி நேரடியாக ஆண்ட சிலேசியப் பகுதிகளில் புராட்டஸ்டண்டுகளுக்கு மூன்றே கோயில் கட்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் அனுமதித்தார்: ஷ்விட்னிட்சா, யாவோர், குவோகூஃப் ஆகிய ஊர்களில். கல் கூடாது, கோபுரம் கூடாது, மதிலுக்கு வெளியே, ஒரே ஆண்டில் முடிக்கவேண்டும். சரி என்று மரத்தையும் களிமண்ணையும் வைக்கோலையும் வைத்தே கட்டினார்கள். ஷ்விட்னிட்சாக் கோயிலில் 7,500 பேர் கொள்ளும் என்கிறார்கள். அதுவும் யாவோர் கோயிலும் இன்னும் நிற்கின்றன, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. குவோகூஃப் கோயில் 1758இல் எரிந்துபோனது.

போல்கோவின் கல்லறை எங்கே?

க்ஷெஷூஃப் மடத்தில். 1292இல் தாத்தா சிஸ்டர்சியத் துறவிகளை அழைத்துவந்து அமர்த்திய இடம், குடும்பக் கல்லறையும் அதுவே. 18ஆம் நூற்றாண்டில் துறவிகள் கோயிலைப் பிரம்மாண்டமாகப் புதுப்பித்தபோது, பின்புறம் இந்தக் குடும்பத்துக்கென்று தனி மண்டபம் எழுப்பினார்கள். மேலே பரோக் ஓவியமும் பொன்னும் பளிங்கும் கண்ணைப் பறிக்கும். அதன் நடுவே சம்பந்தமே இல்லாததுபோலப் பழைய கோதிக் காலத்துக் கல் உருவங்கள் இரண்டு மல்லாந்து படுத்திருக்கின்றன. கவசம் அணிந்த தாத்தா ஒன்று, பேரன் ஒன்று. இரண்டு பேர் பெயரும் போல்கோதான்.